விசிறி சுற்றுகிறது, மானிட்டரில் ‘நோ சிக்னல்’: பழைய கம்ப்யூட்டரில் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு

கேள்வி (கருங்கல்):
வணக்கம். சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், கல்யாண வேலைதான் அதிகம். கம்ப்யூட்டர் 2013-ல் வாங்கியது: ஐ5-3470 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. ஆல்பம் வேலைக்கு இன்றும் குறையில்லை. ட்ரோன்காரர் தருகிற, எச்.265 முறையில் சுருக்கிய 4கே கிளிப்தான் உயிரை எடுக்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு மேலே பறந்து எடுத்த ஒரு நிமிடக் காட்சி, டைம்லைனில் வைத்தால் நின்று நின்று போகிறது.

அதற்காக ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, பழையது ஒன்று வாங்கிப் போட்டேன். விசிறி சுற்றுகிறது, படம் வரவில்லை. கார்டைக் கழற்றினால் பழையபடி ஓடுகிறது. மானிட்டரில் பழைய விஜிஏ இணைப்பு மட்டும்தான்; கார்டோடு கடையில் கொடுத்த டிவிஐ-விஜிஏ கன்வெர்ட்டர் வழியாக மாட்டியிருக்கிறேன். கார்டு போய்விட்டதா, எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) போதவில்லையா? ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடியோ கொடுக்க வேண்டும்.

பதில் (நாகர்கோவில்):
அண்ணே, எஸ்எம்பிஎஸ்ஸில் பெரிதாகப் போட்டிருக்கும் 450 வாட்டை நம்பாதீர்கள். ஸ்டிக்கரில் 12 வோல்ட் லைனுக்கு எத்தனை ஆம்ப் என்று பாருங்கள். அப்புறம், நம்ம ஊர் உப்புக்காற்றில் கார்டை போர்டில் செருகும் தங்கப் பற்கள் சீக்கிரம் மங்கிவிடும். பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துவிட்டு மாட்டிப் பாருங்கள்.

கருங்கல்:
18 ஆம்ப் போட்டிருக்கிறது. தேய்த்ததில் ரப்பர் கறுத்துப் போனது, பல் பளபளவென்று ஆனது. ஆனாலும் அதே ‘நோ சிக்னல்’.

பதில் (தக்கலை):
தம்பி, 12 வோல்ட்டில் 18 ஆம்ப் என்றால் 216 வாட். அந்த ப்ராசஸருக்கு 77, கார்டுக்கு 75. தனி பவர் ஒயர் கேட்காத கார்டு என்றால் அந்த 75-ஐ ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆகவே கரண்ட் பிரச்சினை என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு காரியம் செய்யுங்கள். கார்டோடு ஆன் செய்து இரண்டு நிமிடம் கழித்து கீபோர்டில் ‘நம் லாக்’ (Num Lock) பட்டனைத் தட்டுங்கள், லைட் மாறுகிறதா? அடுத்து அந்த கன்வெர்ட்டரைக் கழற்றி டிவிஐ பக்கம் பாருங்கள். பட்டையான ஒரு தகட்டுக்கு மேலும் கீழும் இரண்டிரண்டாக நான்கு ஊசி இருக்க வேண்டும்.

கருங்கல்:
அண்ணாச்சி, லைட் மாறுகிறது! கன்வெர்ட்டரில் அந்த நான்கு ஊசியும் இல்லை. அறுத்த தடம் மட்டும் தெரிகிறது.

பதில் (தக்கலை):
அப்படியானால் கார்டு பிழைத்தது. கம்ப்யூட்டர் முழுதாக ஆன் ஆகிறது, படம்தான் வெளியே வர வழியில்லை. விஜிஏவுக்கான அனலாக் சிக்னல் போவது அந்த நான்கு ஊசியிலும் தகட்டிலும்தான். 10 வரிசை ஜிடிஎக்ஸ் கார்டுகளில் இருப்பது டிவிஐ-டி, டிஜிட்டல் மட்டும். ஊசிக்கு அதில் துளையே கிடையாது. நுழையவில்லை என்று யாரோ வெட்டியிருக்கிறார்கள். வெட்டினால் நுழையும், சிக்னல் வராது.

எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும், உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வாங்குங்கள். கேபிளை போர்டின் விஜிஏவில் செருகிப் பார்க்கவும் வேண்டாம். கார்டு போட்டதும் பல போர்டுகள் அந்த வாயை மூடிவிடும்.

கருங்கல்:
மார்த்தாண்டம் போய் வாங்கி வந்தேன். ஆன் செய்ததும் படம் வந்துவிட்டது! டிரைவரும் போட்டாயிற்று. ஆனால் கிளிப் இன்னும் திக்குகிறதே?

பதில் (நாகர்கோவில்):
எடிட்டிங் மென்பொருளின் செட்டிங்ஸில் ஹார்டுவேர் டிகோடிங் (சுருக்கிய வீடியோவை கார்டே விரிப்பது) ஆன் ஆகியிருக்கிறதா, பாருங்கள் அண்ணே. உங்கள் 3-ம் தலைமுறை ஐ5-க்கு எச்.265-ஐ விரிக்கத் தனிச் சர்க்யூட் கிடையாது, 1050 டிஐக்கு உண்டு.

கருங்கல்:
ஆஃப் ஆகித்தான் இருந்தது, தம்பி. இப்போது பாலத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடுகிறது. ராத்திரியே எக்ஸ்போர்ட் போடுகிறேன். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.