எதிர்வீட்டு அக்கா மாட்டிக்கிட்டு இருக்காங்கன்னு தோணினா என்ன செய்யணும்? (சிங்கப்பூர்)

கேள்வி: எதிர்வீட்டுல வேலை செய்யுற நம்ம ஊர் அக்கா, மூணு மாசமா சம்பளம் இல்லை, பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்குன்னு லிஃப்ட்ல சொல்லி அழுதாங்க. அந்த வீட்டுக்காரர்கிட்ட நான் பேசிப் பார்க்கலாமா?

பதில்: பேசவே பேசாதீங்க. நல்ல மனசோட செஞ்சாலும் அதிகக் கெடுதல் தர்றது இதுதான். வொர்க் பெர்மிட்டை ரத்து பண்ற அதிகாரம் முதலாளி கையில இருக்கு. காலையில நீங்க கேட்டா, ராத்திரி ஃபிளைட்டுல அவங்களை ஏத்திவிடலாம். ஆள் ஊர் போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் புகாரை நிரூபிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

அவங்க தனியா இருக்கும்போது, குப்பை போட வர்ற நேரம் மாதிரி, நாலு விஷயம் கேளுங்க. பெர்மிட் அட்டை யார்கிட்ட இருக்கு? ஏடிஎம் கார்டு? வெளிய போக விடுறாங்களா? போலீசுக்குப் போனா என்ன ஆகும்னு மிரட்டியிருக்காங்க? வாட்ஸ்அப்ல கேட்க வேண்டாம், போனை முதலாளி பார்க்கலாம்.

ஐபிஏ கடிதம்தான், அதாவது வேலை பெர்மிட்டுக்கு அமைச்சு கொடுக்கிற முன் அனுமதிக் கடிதம்தான், முக்கியமான காகிதம். ஊர்ல இருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே அது அவங்க கைக்கு வந்திருக்கணும். சம்பளம், பிடித்தம், ஏஜென்ட் கட்டணம் எல்லாம் அதுல இருக்கும். அதுல ஒரு தொகை, கையில பாதி தொகைன்னா அதுவே ஆதாரம். சில இடத்துல சம்பளத்தை முறையா வங்கியில போட்டுட்டு, ஏடிஎம் கார்டை வச்சுத் திரும்ப எடுத்துக்குவாங்க. அதனால சம்பளச் சீட்டை மட்டும் நம்பாதீங்க. இங்குள்ள ஏஜென்ட் அவங்ககிட்ட இருந்து அதிகபட்சம் ரெண்டு மாசச் சம்பளம்தான் வாங்கலாம். ஊர் ஏஜென்டுக்கு இந்த வரம்பு பொருந்தாது. ஊர் ஏஜென்டுக்குக் கட்ட வாங்கின வட்டிக் கடன்தான் பலரை வாயைத் திறக்கவிடாம வைக்குது.

சம்பளப் பாக்கி மட்டும்னா அது சம்பளப் புகார். ஏமாத்தியோ மிரட்டியோ கூட்டிட்டு வந்து, சுரண்டுறதுக்காகவே வச்சிருந்தா அது ஆட்கடத்தல். 2015 மார்ச்சுல நடப்புக்கு வந்த சட்டப்படி முதல் குற்றத்துக்கே 10 வருஷம் வரை சிறை. "அவங்க சம்மதிச்சுத்தானே வந்தாங்க" என்ற வாதம் சட்டத்துல செல்லாது. எந்த வகைன்னு முடிவு பண்றது உங்க வேலை இல்லை. பார்த்ததையும் கேட்டதையும் தேதியோட எழுதி வச்சு, அப்படியே சொல்லுங்க.

அடி, பூட்டி வைக்கிறது, பாலியல் தொந்தரவுன்னா உடனே 999. பேச முடியாத நிலைன்னா 70999க்கு எஸ்எம்எஸ், முகவரியோட. அவசரம் இல்லைன்னா, அந்த அக்காவின் சம்மதத்தோட, மனிதவள அமைச்சு 6438 5122. வீட்டுப் பணியாளர்களுக்கு சிடிஇ (வீட்டுப் பணியாளர் மையம்) உதவி எண் 1800 2255 233. டார்மிட்டரியில தங்கி வேலை செய்யுற தம்பிகளுக்கு எம்டபிள்யூசி (வெளிநாட்டு ஊழியர் நிலையம்) 6536 2692, 24 மணி நேரமும் எடுப்பாங்க. இந்த எண்களை அவங்களை மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க, துண்டுச்சீட்டுல எழுதி வச்சா முதலாளி கண்ணுல மாட்டிடும்.

இன்னொருவர்: ஒண்ணு சேர்த்துக்கறேன். பரிதாபப்பட்டு உங்க வீட்டுல தங்க வைக்காதீங்க. பெர்மிட் ரத்தாகித் தங்கும் காலமும் முடிஞ்சிருந்தா, இடம் கொடுத்த நீங்களும் குற்றவாளி ஆகலாம். சும்மா இருக்காங்களேன்னு வேலை கொடுக்கிறதும் அப்படித்தான். நேரா போலீஸ் நிலையத்துக்கோ அமைச்சுக்கோ கூட்டிட்டுப் போங்க. முகம் தெரியுற மாதிரி வீடியோ எடுத்து டிக்டாக்ல போடவே கூடாது. ஊர்ல இருக்கிற அவங்க குடும்பத்தை ஏஜென்ட் மிரட்ட அது போதும்.

வலுக்கட்டாயமா ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாலும் ஒரு வழி இருக்கு. குடிநுழைவு (இமிக்ரேஷன்) கவுண்டர்ல, அதிகாரிகிட்ட "சம்பளம் வரலை, எனக்குப் போக விருப்பமில்லை"ன்னு சொல்லச் சொல்லுங்க. கவுண்டரைத் தாண்டுறதுக்கு முன்னாடி சொல்லணும்.