கினுயோ தனாகா இயக்கிய படங்கள் ஏன் அதிகம் பேசப்படுவதில்லை?

வெண்திரை கேட்டது:
ஜப்பானிய இயக்குநர்கள் என்றதும் குரோசாவா, ஓசு, மிசோகுச்சி என்ற மூன்று பெயர்களோடு நம் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மிசோகுச்சியின் 'ஒஹாருவின் வாழ்க்கை' படத்தில் நடித்த கினுயோ தனாகா, 1953 முதல் 1962 வரை ஆறு படங்களை இயக்கியவர் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். அவர் இயக்க முன்வந்தபோது எதிர்த்தவர் அதே மிசோகுச்சிதான் என்றும் படித்தேன். பெண்களின் துயரத்தையே திரும்பத் திரும்பப் படமாக்கியவர் இப்படி நடந்துகொண்டது எதனால்? தனாகாவின் படங்கள் இயக்கத்துக்காகவே பார்க்கத்தக்கவையா? எதிலிருந்து தொடங்கலாம்?

தென்னவன் எழுதியது:
நண்பருக்கு வணக்கம். மிசோகுச்சியின் அக்கா சுசு, சிறுவயதிலேயே வேறு வீட்டுக்குக் கொடுக்கப்பட்டுப் பின்னர் கெய்ஷாவானவர் (ஆடிப்பாடி விருந்தினரை மகிழ்விக்கும் ஜப்பானியக் கலைஞர்). தம்பியைத் தாங்கிப் பிடித்தவரும் அவரே. ஆண்களுக்காகத் தன்னை அழித்துக்கொள்ளும் பெண் மிசோகுச்சியின் படங்களில் ஓயாமல் வருவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட பெண்ணுக்காக இரங்குவது வேறு, தன்னோடு பணிபுரிந்த நடிகையைச் சக இயக்குநராக ஏற்பது வேறு. இயக்குநர் சங்கத் தலைவராக இருந்த அவரால் இரண்டாவதைச் செய்ய முடியவில்லை. 15 படங்களில் சேர்ந்து உழைத்த இருவரும் 1954க்குப் பிறகு சேரவேயில்லை.

அதற்காகத் திரையுலகமே தனாகாவுக்கு எதிராக நின்றதாக எண்ணிவிட வேண்டாம். இயக்குநர் நருசே தம்முடைய 'அண்ணன் தங்கை' படப்பிடிப்பில் அவரை உதவியாளராக வைத்துக்கொண்டார். முதல் படமான 'காதல் கடித'த்துக்குக் இன்னொரு இயக்குநரான கினோஷிதா திரைக்கதை எழுதினார். இரண்டாம் படத்தின் திரைக்கதை ஓசுவும் ரியோசுகே சாய்த்தோவும் எழுதியது. இவ்வளவு பெரியவர்கள் துணைநின்றதாலேயே, 'அவர்கள் எழுதியதைத்தான் எடுத்தார்' என்ற அவச்சொல்லும் அவரைத் தொடர்ந்தது.

கார்த்திகை எழுதியது:
அந்த அவச்சொல்லுக்கு விடை அவருடைய மூன்றாம் படமான 'அழியா முலைகள்' (1955). மார்பகப் புற்றுநோயால் 1954இல் இறந்த ஹொக்கைடோ கவிஞர் ஃபுமிகோ நகாஜோவின் வாழ்க்கையைத் தழுவியது. எழுதியவர் சுமியே தனாகா என்ற பெண்மணி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாயகி தோழியின் வீட்டில் குளிக்க அனுமதி கேட்கிறாள். தான் மனத்துக்குள் நேசித்த, தோழியின் மறைந்த கணவன் குளித்த தொட்டி அது. தோழி எட்டிப் பார்த்து அவளுடைய மார்பைக் கண்டு அதிர்கிறாள். நாயகியோ உடலை மறைக்க முயலாமல், அந்தத் தொட்டியில் குளிக்க வேண்டும் என்ற ஆசையைச் சொல்லிவிடுகிறாள். நோயாளியிடம் நாம் எதிர்பார்க்கும் அடக்கமும் நன்றியுணர்வும் அவளிடம் இல்லை. ஆசையும் பொறாமையும் கோபமும் உள்ளவளாகவே கடைசிவரை இருக்கிறாள். இந்தத் துணிவு அக்காலத்துப் பெரிய இயக்குநர்களிடமும் எளிதில் கிடைப்பதில்லை.

மணிமுத்தாறு எழுதியது:
கார்த்திகை அவர்களோடு முழுவதும் உடன்படுகிறேன்; ஆயினும் ஆறு படங்களும் ஒரே தரத்தவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஓசு எழுதிய 'நிலவு எழுந்தது' இனிமையானதுதான், ஆனால் அதில் ஓசுவின் நிழல் அதிகம்.

மிசோகுச்சியோடு ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால் 1961ஆம் ஆண்டுப் படமான 'பெண்கள் மட்டுமே உள்ள இரவை'ப் பாருங்கள். பாலியல் தொழிலில் உள்ள பெண்களைப் பற்றிய மிசோகுச்சியின் கடைசிப் படமான 'அவமானத் தெரு' 1956 மார்ச்சில் வெளிவந்தது. விபச்சாரத் தடைச் சட்டம் அவ்வாண்டு மே மாதம் நிறைவேறியது. ஆகஸ்டில் அவர் கியோட்டோவில் காலமானார். சட்டம் வந்த பின் அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்ற கேள்வியைத் தனாகா எடுத்துக்கொள்கிறார். மறுவாழ்வு இல்லத்திலிருந்து வெளியே வரும் குனிகோ கடையிலும் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கிறாள். போகுமிடமெல்லாம் பழைய வாழ்க்கை தெரிந்துவிடுகிறது. அவளை வதைப்பவர்களில் பெண்களும் இருக்கிறார்கள் என்பதைப் பூசிமெழுகாமல் காட்டியிருக்கிறார்.

ஆறு படங்களும் புதுப்பிக்கப்பட்டு 2021இல் லியோன் நகர லூமியர் விழாவில் திரையிடப்பட்டன. 'அழியா முலைகளில்' தொடங்கி, அடுத்து 'பெண்கள் மட்டுமே உள்ள இரவை'ப் பார்த்துவிட்டு, 'காதல் கடித'த்துக்குத் திரும்புவது நல்லது என்பது என் கருத்து.