ஆக்டேவியா ஆர்எஸ் 230: இப்போதே விற்பதா, சேகரிப்புக்காக வைத்திருப்பதா?

கேள்வி: சிறுவாணிக்காரன் (கோவை)

வணக்கம். 2017-ஆம் ஆண்டு இறுதியில் பதிவான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 (ஆக்டேவியாவின் கூடுதல் வேக வடிவம்) ஒன்று என்னிடம் உள்ளது. முதல் உரிமையாளர் நானே. ஓடியது 46,000 கிலோமீட்டர். இன்ஜின், சைலன்சர், சஸ்பென்ஷன் என எதிலும் கை வைக்கவில்லை. அண்மையில் பழைய கார் விற்பனையாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சாதாரண ஆக்டேவியாவுக்குச் சொல்லும் விலைக்குச் சற்று மேலே ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் 2025 அக்டோபரில் வந்த புதிய ஆர்எஸ், 49.99 லட்சம் ரூபாய் விலையில், இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட 100 வண்டிகளும் உடனே விற்றுத் தீர்ந்ததைப் பார்க்கும்போது அந்தத் தொகைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அன்றாடப் பயன்பாட்டுக்கு வீட்டில் வேறு கார் இருக்கிறது. குறைந்த எண்ணிக்கையில் வந்த வண்டி என்பதால் இன்னும் பத்து ஆண்டு கழித்து இதற்குச் சேகரிப்பாளர் விலை கிடைக்க வாய்ப்பு உண்டா?

பதில் 1: நாலாம் கியர்

எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள் என்பதே என் கருத்து. 2017 ஆகஸ்டில் உங்கள் வண்டி 24.62 லட்சத்துக்கு அறிமுகமானபோது 500 தான் என்றார்கள். அவை தீர்ந்ததும் மேலும் வண்டிகள் வந்தன. 2020-இல் ஆர்எஸ் 245 வந்தது; அது 200 மட்டுமே, விலை 35.99 லட்சம். இப்போது 265 குதிரைத்திறனுடன் இன்னொன்று. ஆண்டுக்கு 2,500 வண்டிகள் வரை உள்நாட்டுத் தகுதிச் சோதனை இல்லாமல் முழுமையாக இறக்குமதி செய்ய விதி இடம் தருகிறது. ஆகவே சந்தையில் ஆர்வம் தென்படும்போதெல்லாம் நிறுவனம் முந்தையதைவிட வேகமான ஒன்றைக் கொண்டுவரும். அவுரங்காபாத்தில் பூட்டப்பட்ட உங்கள் வண்டியின் அருமை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீர்த்துப்போகும்.

வெளிநாட்டு உதாரணங்கள் இதைத் தெளிவாக்கும். லோட்டஸ் கார்ல்டன் மொத்தம் 950 தான் செய்யப்பட்டது. மெர்சிடிஸுக்காகப் போர்ஷே தன் ஆலையில் பூட்டித் தந்த 500ஈ 10,479 வண்டிகள். அதை அரிதென்று சொல்வதே கடினம். இருந்தும் இரண்டையும் இன்று சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். 500ஈ பல ஆண்டுகள் வெறும் பழைய கார் விலையிலேயே கிடந்து, பிறகுதான் ஏறியது. டாக்சியாக ஓடிய அதே உடலுக்குள் ஐந்து லிட்டர் வி8 இன்ஜினை வைக்கும் துணிச்சல் பிறகு அந்த வடிவில் திரும்பவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் 2014 முதல் 2017 வரை விற்ற செவர்லே எஸ்எஸ் இன்னும் நல்ல சான்று. ஆஸ்திரேலியாவின் எலிசபெத் ஆலையில் உருவான அந்த 6.2 லிட்டர் வி8 செடான் புதிதாக இருந்தபோது கவனிப்பாரற்றுக் கிடந்தது. 2017 அக்டோபரில் ஆலையே மூடப்பட்ட பின் அந்த வரிசை முற்றாக முடிந்தது. அதிலும் மேனுவல் கியர் வண்டிக்குத் தனி மதிப்பு. உங்கள் ஆர்எஸ் எதன் முடிவு? முன்சக்கர இழுப்பு, இரண்டு லிட்டர் டர்போ, டிஎஸ்ஜி எனும் தானியங்கி கியர் என்ற அந்தக் கலவையை நிறுவனம் இன்றும் விற்றுக்கொண்டிருக்கிறது. மேனுவல் கியருடன் வந்த, ஸ்கோடாவின் பழைய லாரா ஆர்எஸ்ஸுக்கு, வேகம் குறைவு என்றாலும், இந்த வாதம் கூடுதலாகப் பொருந்தும்.

பதில் 2: மறுகாப்பீடு

முன்னவர் சொன்னதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆயினும் 2000-களின் ஹோண்டா சிட்டி விடெக் எண்ணிக்கை வரம்பு எதுவுமின்றி விற்ற கார். கைபடாத ஒன்று கிடைத்தால் இன்றும் ஆர்வலர்கள் விடுவதில்லை. ஆர்எஸ் 230 வாங்கியவர்களில் பலர் முதல் வேலையாக ரீமேப் (இன்ஜின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டுவது) செய்தவர்கள். எனவே தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டி, வந்த எண்ணிக்கையைவிட மிகக் குறைவாகவே மிஞ்சும். உங்கள் பலம் அதுதான்.

வைத்திருப்பது என்று முடிவு செய்தால் காப்பீட்டைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பில், நான்கு ஆண்டைக் கடந்த காருக்குப் பட்டியல் விலையிலிருந்து 50 சதவீதம் கழிக்கப்படுகிறது. ஐந்து ஆண்டுக்கு மேல் அது நீங்களும் நிறுவனமும் பேசி முடிக்கும் தொகை. பிரீமியம் குறையும் என்று பலர் இதைக் கீழே இறக்கி ஒப்புக்கொள்கிறார்கள். பழுதுபார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். ஆர்எஸ்ஸுக்கே உரிய முன் பம்பர், அலாய் சக்கரம், முகப்பு விளக்கு ஆகியவற்றின் விலையைக் கூட்டிப் பாருங்கள். நடுத்தரமான ஒரு மோதலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். பிறகு சேகரிப்பு என்ற பேச்சே இல்லை.

இன்னொன்று, வாங்குவோர் எங்கிருந்து வருவார்கள் என்பது. இத்தகைய காரைத் தேடுபவர் பெங்களூரிலோ கொச்சியிலோ இருக்கக்கூடும். அவர் என்ஓசி (ஆட்சேபமின்மைச் சான்று) பெற்று, தம் மாநிலத்தில் வண்டியின் வயதுக்கேற்ப மீண்டும் வரி கட்ட வேண்டும். அந்தச் செலவை அவர் உங்கள் விலையிலிருந்துதான் கழிப்பார். 2032-இல் ஆர்சி காலாவதியாகி, தகுதிச் சான்றுடன் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கும் கட்டமும் வரும்.

பதில் 3: பழைய எண்ணெய்க்கறை

பணத்துக்காக வைத்திருக்கிறீர்கள் என்றால் விற்றுவிடுங்கள். காப்பீடு, டயர், பேட்டரி, ஆண்டு சர்வீஸ் ஆகியவற்றைப் பத்து ஆண்டுக்குக் கூட்டினால், எந்தச் சேகரிப்பாளரும் அதைத் திருப்பித் தரமாட்டார். ஓட்டுவதற்காக வைத்திருந்தால் அது வேறு கணக்கு.

எதுவானாலும் பானட்டைத் திறந்து தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் கூட்டைப் பாருங்கள். அதன் விளிம்பில் இளஞ்சிவப்பாக உலர்ந்த கறை இருந்தால் கூலண்ட் கசிகிறது என்று பொருள். இந்த இன்ஜினில் பலருக்கும் வரும் தொல்லை அது. டிஎஸ்ஜி எண்ணெயை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றாலும், எட்டு ஆண்டு ஆன வண்டியில் கிலோமீட்டருக்காகக் காத்திருக்க வேண்டாம். நிறுத்தியே வைப்பதானால் எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டாங்கில் விடாதீர்கள். விவரம் அறிந்தவர் பார்க்க வந்தால், ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் அச்சிட்டுள்ள ஆண்டுக் குறியைத்தான் முதலில் படிப்பார். ஒன்று மட்டும் மாறியிருந்தால் ஏன் என்று கேட்பார். அதற்கான பில் கையில் இருக்கட்டும்.

சிறுவாணிக்காரன்

மூவருக்கும் நன்றி. இடது பின்கதவுக் கண்ணாடி 2019-இல் மாற்றப்பட்டது, பில் இருக்கிறது. பிளாஸ்டிக் கூட்டின் கீழே கறை தெரிகிறது, ஆகவே முதலில் அந்த வேலையை முடிக்கிறேன். காப்பீடு புதுப்பிக்கும்போது ஐடிவியை உயர்த்திக் கேட்கிறேன். அவர்கள் ஒப்புக்கொள்ளும் தொகை விற்பனையாளர் சொன்னதைவிடக் குறைவாக இருந்தால், அவரிடமே மீண்டும் பேசுவேன்.