கத்தரித் தோட்டத்துச் சேவகன்: புகழ்ச்சியா, ஏளனமா?

கொக்குவிலான்:
மகளுக்கு யாழ்ப்பாணத்து நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் 'கத்தரி வெருளி'யைச் சொல்லிக்கொடுத்தேன். வெருளி என்றால் பறவைகளை விரட்டத் தோட்டத்தில் நடும் பொம்மை. "கத்தரித் தோட்டத்து மத்தியிலே நின்று காவல் புரிகின்ற சேவகா" என்று தொடங்கும் பாட்டு. கூலி வாங்காமல், கண் இமையாமல், நித்திரை கொள்ளாமல் வேலை செய்பவன் உன்னைப்போல் வேறு யார் என்று கேட்கிறது. எங்களுக்கு இதைக் கடமையுணர்ச்சிக்குப் பாடமாகப் படிப்பித்தார்கள். எனக்கோ அதிகாரத்தைப் பார்த்து ஒரு சிறுவன் சிரிப்பதாகத் தெரிகிறது. வெருளி கண் இமைக்காதது கடமையாலா? அதற்கு இமையே இல்லை!

பழைய வாத்தியார்:
தம்பி, அவசரப்படாதீர்கள். புலவர் வட்டுக்கோட்டையில் நீண்டகாலம் ஆசிரியராக இருந்தவர். மூத்தோரை எள்ளப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பாரா? தோட்டக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு வெருளி கேலிப்பொருளும் அல்ல. காகத்துக்காக மட்டுமா அதை நடுகிறோம்? காய்த்துக் குலுங்கும் தோட்டத்தில் கண்ணூறு படாமல் இருக்கவும்தானே? வருகிறவன் கண் முதலில் அதில் விழவேண்டும். வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும் அதன்மேல் பிள்ளைக்கு வருவது அன்பு.

சுன்னாகத்தாள்:
ஐயா, அதன் உடுப்பைப் பாருங்கள். தலையில் மஞ்சள் உறுமால் (தலைப்பாகை), இறுக்கிக் கட்டிய சட்டை. தோட்டத்தில் சாறத்தை மடித்துக் கட்டி நிற்கும் கமக்காரனின் கோலமா இது? உத்தியோகக் கோலம். 1878இல் பிறந்து 1953இல் மறைந்த புலவர் வாழ்நாளில் பெரும்பகுதி கண்டது வெள்ளையர் ஆட்சியை. 1931இல் இலங்கையின் சட்டமன்றமான அரசாங்க சபைக்கு நடந்த தேர்தலையே யாழ்ப்பாணம் புறக்கணித்தது. முன்னின்றவர்கள் முழுச் சுயராச்சியம் கேட்ட யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இளைஞர்கள். அந்தக் காற்று பாட்டுக்குள் வீசாதா?

பழைய வாத்தியார்:
காற்று வீசியிருக்கலாம், தங்கச்சி. பாட்டில் அதற்குச் சொல் எங்கே? இப்படியே போனால் "ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை" என்று அவர் பாடியதையும் புரட்சிக்கு அழைப்பு என்பீர்கள். அது பள்ளிக்கூட விடுமுறை, கூழும் கொழுக்கட்டையும். அவ்வளவுதான்.

கொக்குவிலான்:
விடுமுறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே" என்று அங்கே துள்ளுவது யார்? ஆசிரியர் தன் குரலை ஒதுக்கிவைத்துவிட்டுப் பிள்ளையின் வாயைக் கொடுத்திருக்கிறார். வெருளிப் பாட்டிலும் அதே வாய். உறுமால் கட்டிய பெரிய மனிதர் தெருவில் வந்தால் அந்தக் காலத்துப் பிள்ளை என்ன செய்திருக்கும்? வேலியோடு ஒதுங்கி நின்று "ஐயா" என்றிருக்கும். இங்கே நேருக்கு நேர் நின்று "சேவகா" என்கிறது, "உன்னைப்போல்" என்கிறது. மரியாதைப் பன்மை ஓரிடத்திலும் இல்லை. நீங்கள் கேட்ட சொல் இதுதான், ஐயா. 1931ஐத் தேடிப் போகவே வேண்டாம்.

சுன்னாகத்தாள்:
இது எனக்கு முன்பு தோன்றவில்லை. தேர்தலை இழுத்து வந்ததைவிட இது வலுவான வாதம்.

பழைய வாத்தியார்:
அந்த விளி பற்றி யோசிக்கிறேன். அன்பானவரையும் ஒருமையில் அழைப்போம். முருகனையே 'வா' என்றுதானே கூப்பிடுகிறோம்? ஆனாலும் சட்டையும் உறுமாலுமாக நிற்கும் உருவத்தைப் பிள்ளை பயமின்றிக் கிட்டப் போய்ப் பார்க்கிறது என்பதை இனி மறுக்க மாட்டேன். கூலி வாங்காமல் உழைப்பவனைப் பார்த்துச் சிரி என்று மட்டும் ஒரு வகுப்பிலும் படிப்பிக்க மாட்டேன்.