பிரெஞ்சு படித்துவிட்டு திருகோணமலைக்கு வந்தால் என்ன வேலை?

உப்புவெளியான்:
தங்கச்சிக்கு களனிப் பல்கலைக்கழகம் கிடைச்சிருக்கு. பிரெஞ்சை ஒரு பாடமா எடுக்க விருப்பமாம். வீட்டில தயங்குகினம். பிறகு ஊரோட இருந்தா அதை வச்சு என்ன செய்யலாம்? கனடாவில இருக்கிற சித்தப்பா, பிரெஞ்சு தெரிஞ்சா அங்க வாறது சுகம் எண்டுறார். உண்மையோ?

கடற்கரை வீதி:
ஊரில நிக்கிற எண்ணம் எண்டா முதல்ல சீசனைப் பாருங்கோ. நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஆள் வாறது மே தொடங்கி செப்டெம்பர் மட்டும். பிரான்சில பள்ளிக்கூட நீண்ட விடுமுறை யூலையும் ஆகஸ்டும். மாரி தொடங்கினா எல்லாம் ஓய்ஞ்சிடும். அதால பிரதேச வழிகாட்டி உரிமத்தோட நிக்காமல், தேசிய வழிகாட்டி உரிமம் எடுக்க வேணும். அது இருந்தா டிசம்பரில தெற்குப் பக்கம் போய் உழைக்கலாம்.

வரவேற்பு மேசையில நிக்கிற பட்டதாரிகள் தடுமாறுறது இலக்கணத்தில இல்லை, எண்ணில. பிரெஞ்சுக்காரர் தொலைபேசி எண்ணை இரண்டிரண்டு இலக்கமாச் சொல்லுவினம். 72 எண்டுறது "அறுபது, பன்னிரண்டு". அறுபது எண்டு கேட்டதும் 6 ஐ எழுதினா எண் பிழைச்சிடும். சோடி முடியும் வரை பேனையைத் தூக்கி வச்சிருக்கப் பழக வேணும்.

கோட்டைக்குக் கூட்டிப் போறவை 1782 ஐயும் படிச்சு வைக்க வேணும். அந்த ஆகஸ்டில பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் திருகோணமலையைப் பிடிச்சதை விருந்தாளிகள் கட்டாயம் கேப்பினம்.

மொழிபெயர்ப்பு மேசை:
ஹோட்டலை மட்டும் நினைச்சு நாலு வருஷம் படிக்கிறது வீண். இலங்கையில் பிரெஞ்சு தெரிந்தவர்களில் நல்ல தமிழும் எழுதக்கூடியவர்கள் மிகக் குறைவு. பாரிஸிலும் ஜெனீவாவிலும் எங்கட சனம் இருக்கும் வரை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்களுக்கும் உரைபெயர்ப்புக்கும் ஆள் தேவைப்படும். (பிரான்ஸ் அலுவலகங்கள் பெரும்பாலும் அங்குள்ள நீதிமன்றப் பட்டியலில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையைத்தான் கேட்கும். இங்கிருந்து செய்பவர் முதலில் அதை விசாரிக்க வேண்டும்.)

பெரிய சிக்கல் பெயரில்தான். பிரெஞ்சுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு இன்னொன்று. எங்களிடம் குடும்பப் பெயரே இல்லை. முன்னுக்கு நிற்பது தகப்பன் பெயர். ஒரு சான்றிதழில் அது குடும்பப் பெயராகவும் அடுத்ததில் சொந்தப் பெயராகவும் போனால் ஒரே ஆள் கோப்பில் இரண்டு ஆளாகிவிடுவார். கடவுச்சீட்டில் எப்படிப் பிரித்திருக்கிறதோ அதையே எல்லாத் தாளிலும் பின்பற்ற வேண்டும். ஓரக்குறிப்பு, முத்திரை ஒன்றும் விடக்கூடாது. வாசிக்க முடியாத இடத்தில் "வாசிக்க முடியவில்லை" என்றே எழுத வேண்டும், ஊகிக்கக் கூடாது. இந்த ஒழுங்கு வகுப்பில் கிடைக்காது, இரண்டாம் வருடத்திலேயே பழைய சான்றிதழ்களை வைத்துப் பழக வேண்டும்.

வெருகல்:
சித்தப்பா சொல்லுறது அரைவாசி சரி. எக்ஸ்பிரஸ் என்ட்ரி எண்டுற கனடாவின்ர புள்ளி முறைக் குடியேற்றத்துக்கு பட்டமும், டெல்ஃப் எண்டுற பிரெஞ்சு அரசின்ர மொழிச் சான்றிதழும் மொழிச் சான்றாகாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா பரீட்சைதான் வேணும், பெறுபேறு இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். பிரெஞ்சுக்கான மேலதிகப் புள்ளி கிடைக்க, கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து நாலிலும் கனடாவின்ர மொழி அளவுகோலில 7 ஆம் மட்டம் வேணும். ஆங்கிலத்தைக் கைவிட்டா அந்தப் புள்ளியும் குறையும். படிச்ச கையோட எழுதாதேங்கோ. விண்ணப்பிக்கிற காலம் பார்த்து எழுதுங்கோ.

உப்புவெளியான்:
நன்றி. அப்ப டெல்ஃப் எடுத்துப் பிரயோசனம் இல்லையோ?

மொழிபெயர்ப்பு மேசை:
இருக்கிறது. அது காலாவதியாகாது, பிரான்ஸ் பல்கலைக்கழகங்கள் பல அதில் பி2 எனும் மேல்நிலை மட்டத்தைக் கேட்கும். நாலு பகுதி, தலா 25 புள்ளி, சித்திக்கு மொத்தம் 50. ஆனால் ஒரு பகுதியில் 5 க்குக் கீழே போனால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் சித்தியில்லை. வாசிப்பிலும் எழுத்திலும் தேறிய பிள்ளைகள் இங்கே விழுவது கேட்டலில்தான். பி2 கேட்டல் சுமார் அரை மணித்தியாலம். தினமும் பிரெஞ்சு வானொலிச் செய்தியைக் கேட்டு, நிறுத்தி, கேட்டதை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கோ.