ஏஐ சொன்ன பொய் நாம் எழுதும் விக்கிப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்த அனுபவம் உண்டா?

பினாங்குக்காரன்:
தமிழ் விக்கிப்பீடியாவில் பார்த்த கூத்து, இன்னும் மனசை அரிக்கிறது. மலாயாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது நமக்கெல்லாம் தெரியும். யாரோ அந்த ஆண்டை மாற்றி, ஏஐ எழுதியதுபோல் வழவழவென்று ஒரு பத்தியும் சேர்த்திருந்தார். சான்றாக ஒரு நூல்: ஆசிரியர், பக்க எண், ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் எல்லாம் உண்டு. அந்த எண்ணின் 13 இலக்கங்களை 1, 3, 1, 3 என்று மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால் பத்தால் வகுபட வேண்டும். படவில்லை. நூலகப் பட்டியலிலும் அப்படியொரு நூல் கிடையாது. நீக்கிவிட்டேன். அதற்குள் என் அக்கா மகள் இடுபணிக்காக ஏஐயிடம் கேட்டிருக்கிறாள். அதே பிழையான ஆண்டு, ஆதாரமாக நம் பக்கத்தின் இணைப்பு! போனை நீட்டி, "மாமா, இது நீங்க எழுதுற இடம்தானே?" என்றாள். அவளுக்கு என்ன சொல்ல?

செந்தூல் வாசகர்:
உங்களுக்கு ஓர் ஆண்டுதான் போனது. எங்கள் சங்கம் பழைய தைப்பூச மலர்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருந்த தளமே படுத்துவிட்டது. பத்துமலைக்குக் கூட்டம் கிளம்பும் நேரம். ஆளாளுக்கு ஆர்வமாகப் படிக்கிறார்கள் என்று பூரித்துப்போனோம். சர்வர் பதிவைத் திறந்தால் முக்கால்வாசி பாட்கள், அதாவது தளங்களைத் தானாக மேய்ந்து அள்ளும் நிரல்கள். வராதே என்று, பாட்களுக்காகத் தளத்தில் வைக்கும் ரோபாட்ஸ் கோப்பில் எழுதித்தான் வைத்திருந்தோம். அது வெறும் வேண்டுகோள், மதிக்காதவனைத் தடுக்காது. 2024 ஜனவரியிலிருந்து படம், காணொளி இறக்கும் போக்குவரத்து 50 விழுக்காடு ஏறிவிட்டதாக விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவே 2025 ஏப்ரலில் புலம்பியது. கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள் என்பதே என் கட்சி.

ஜார்ஜ்டவுன் அக்கா:
பூட்டுவதா? நல்லா இருக்கு! பாட்களுக்குப் பயந்து பிள்ளைகளை வெளியே நிறுத்தவா? சூலியா ஸ்திரீட்டில் நான் எடுத்து, விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான காமன்ஸில் ஏற்றிய படம், என் பெயரில்லாமல் எங்கெங்கோ வருகிறது. கோபம்தான். ஆனால் நான் அதற்குக் கொடுத்த உரிமம் பயன்படுத்தாதே என்று சொல்லவில்லை. பெயர் சொல், மாற்றினால் அதே உரிமத்தில் கொடு என்கிறது. அதற்காகச் சண்டை போடலாம். செந்தூல் தம்பி, மலர்களை மொத்தமாக ஒரே கோப்பாகச் சுருக்கித் தனியே வையுங்கள். வேண்டியவன் ஒருமுறை இறக்கிக்கொண்டு போகட்டும். தளத்தில் சிறிய படம் போதும். ஒரே முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை பக்கம்தான் என்று வரம்பு வைக்கலாம். அப்புறம், பினாங்குத் தம்பி, நீக்கினால் மட்டும் போதாது. போலி நூலின் பெயரை, கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதிவையுங்கள், அந்தப் பயனர் வேறெங்கு கைவைத்தார் என்றும் பாருங்கள். இல்லாத சான்றுகளோடு வரும் ஏஐ கட்டுரைகளை உடனே நீக்க ஆங்கில விக்கிப்பீடியா 2025 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. நம்மவர்களும் பேசலாமே?

பினாங்குக்காரன்:
அக்கா, பிள்ளைக்கு என்ன சொல்வது என்றுதான் கேட்டேன்! செந்தூல் அண்ணே, தளம் எழுந்ததும் இணைப்பு அனுப்புங்க.