பிக்ட் மக்களின் செதுக்குக் கற்கள்: முதலில் நின்ற இடத்தை அறிவது எப்படி?

நிலவன் (கேள்வி):
வணக்கம். ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் முற்காலத்தில் வாழ்ந்த பிக்ட் மக்கள் செதுக்கிய கற்களைப் பற்றிப் படித்து வருகிறேன். அருங்காட்சியகங்களில் இருக்கும் பல கற்களின் விளக்கப் பலகையில் ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே காணப்படுகிறது. அது கல் முதன்முதலில் நாட்டப்பட்ட இடமா, பிற்காலத்தில் யாரோ கண்டெடுத்த இடமா என்பது விளங்கவில்லை. இதைத் தேட விரும்புபவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கயல்:
பலகையில் இருப்பது பெரும்பாலும் கண்டெடுத்த இடமே. ஆலன், ஆண்டர்சன் ஆகிய இருவரும் இத்தகைய கற்களைப் பட்டியலிட்டு 1903இல் வெளியிட்ட பெருந்தொகுப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுங்கள். அதற்கு முன்னர் ஜான் ஸ்டூவர்ட் 1856இலும் 1867இலும் வெளியிட்ட படத்தொகுதிகள், 19ஆம் நூற்றாண்டின் அரசு நில அளவை வரைபடங்கள், 1790களில் திருச்சபைப் போதகர்கள் தத்தம் பங்கைப் (ஒரு திருச்சபைக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியை) பற்றி எழுதிய குறிப்புகள் ஆகியவற்றை ஒப்பிட்டால், கல் எப்போது இடம் மாறியது என்பது ஓரளவு புலப்படும். 1891இல் பங்குகள் பலவற்றின் எல்லைகள் திருத்தப்பட்டதால், பழைய குறிப்பில் உள்ள பங்கின் பெயரை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடினால் வேறெங்கோ போய் நிற்போம்.

தேடலன்:
ஆவணங்களோடு அகழாய்வும் வேண்டும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஹில்டன் ஆஃப் கேட்பால் என்ற ஊரின் கல்லைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. ஏறத்தாழ கி.பி. 800இல் செதுக்கப்பட்ட அந்தக் கல்லின் சிலுவை முகத்தை 17ஆம் நூற்றாண்டில் கொத்தி நீக்கி, அலெக்சாண்டர் டஃப் என்பவருக்கும் அவருடைய மூன்று மனைவியருக்கும் நினைவுக் கல்லாக மாற்றினார்கள். அதில் 1676 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. 19ஆம் நூற்றாண்டில் அது இன்வெர்கார்டன் கோட்டைக்குச் சென்றது. 1921இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்குக் கொடுக்கப்பட்டு, ஸ்காட்லாந்தில் எழுந்த எதிர்ப்பால் எடின்பரோவுக்குத் திரும்பியது. 2001இல் ஹில்டனில் உள்ள பழைய சிற்றாலயத்தின் அருகே தோண்டியபோது கல்லின் அடிப்பகுதியும், கொத்தி நீக்கிய முகத்தின் ஆயிரக்கணக்கான துண்டுகளும் கிடைத்தன. அந்த அடிப்பகுதி இருந்த குழிகூட முதல் குழி அன்று, கல் மீண்டும் நாட்டப்பட்ட குழியே. மண்ணுக்குள் நின்ற நிலையில் கிடைத்தாலும் அதுவே மூல இடம் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது என்பதை நான் இதிலிருந்துதான் உணர்ந்தேன்.

கயல்:
தேடலன் கூறுவது சரியே. பிக்ட் மக்களின் கோட்டை இருந்த பர்க்ஹெட் என்ற கடற்கரை ஊரில் கிடைத்த, காளை உருவம் செதுக்கிய கற்களில் நிலைமை இன்னும் கடினம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஏறத்தாழ முப்பது கற்கள் வெளிப்பட்டதாகக் குறிப்புகள் சொல்கின்றன. எஞ்சியிருப்பவை ஆறு மட்டுமே. துறைமுகமும் புதிய ஊரும் எழுப்பப்பட்டபோது பழைய கோட்டையின் பெரும்பகுதியே அழிந்துவிட்டதால், அவை கோட்டைக்குள் எவ்விடத்தில் இருந்தன என்பதை ஆவணத்தைக் கொண்டு மட்டும் மீட்க இயலாது.

நிலவன்:
இருவருக்கும் நன்றி. 1978இல் ஏர் உழும்போது வெளிப்பட்ட ரைனி மனிதன் கல்லையும் (ரைனி என்ற ஊரில் கிடைத்த, மனித உருவம் செதுக்கிய பிக்ட் கல்) இனி இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். உழவு அதை எவ்வளவு நகர்த்தியிருக்கும்?

தேடலன்:
கல் தனியாகப் பதில் சொல்லாது. அதே பண்ணை நிலத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் க்ரா கல் என்ற மற்றொரு பிக்ட் கல்லையும், அதைச் சுற்றி அகழாய்வில் வெளிப்பட்ட அரண் அமைப்பையும் சேர்த்துப் படியுங்கள்.